சாந்தகுமாரி கான்ஃபரன்ஸுக்கு வந்தாள்

சாமி: ...அதனால நல்லாக் கேட்டுக்கோ ஓஸ்வால்ட். போன ஞாயித்துக்கிழமை காலையில எட்டு மணிக்கு என் பொண்டாட்டி பேசினா. மூணு கண்டத்துக்கும் கேட்டுச்சு.

ஓஸ்வால்ட்: சாமி...

சாமி: அமெரிக்காவுல ஒருத்தன் நாற்காலியோட மல்லாக்க விழுந்தான். ஆஸ்திரேலியாவுல ஒருத்தி கையில இருந்த கரண்டியைக் கீழே விட்டா. இதே ஊர்ல, வைட்ஃபீல்ட்ல ஒருத்தன் எழுந்து நின்னு சல்யூட் அடிச்சான். மூணும் நான் பெத்ததுங்க.

ஓஸ்வால்ட்: சாந்தாக்கா போய் ஒண்ணரை வருஷம் ஆச்சு.

சாமி: ரெண்டாயிரத்து அஞ்சு, ஜனவரி பதினேழு. ஒரு வருஷம் ஏழு மாசம். அதுக்கென்ன இப்போ? வந்தா, பேசினா, போனா.

ஓஸ்வால்ட்: கல்பள்ளி மயானம் வரைக்கும் நானும்தானே கூட வந்தேன்.

சாமி: வந்தே. மாலையைக் கையில வெச்சுக்கிட்டு என்னைவிட ஜாஸ்தி அழுதே. அதையெல்லாம் நான் மறக்கலை.

ஓஸ்வால்ட்: சரி, மொதல்ல அந்தச் சட்டையை மாத்து. பதினோரு மணிக்கு உன் புள்ளை ராம்கி கார் எடுத்துட்டு வரான்.

சாமி: எங்க போறதுக்கு?

ஓஸ்வால்ட்: சும்னே ஒரு ரவுண்டு. வைட்ஃபீல்ட் தாண்டி ஒரு எடம். மரம் செடியெல்லாம் நிறைய இருக்குதாம்.

சாமி: மரம் பார்க்கறதுக்கு நல்ல சட்டை எதுக்கு? மரம் என்னை மாப்பிள்ளை பார்க்கப் போகுதா?

ஓஸ்வால்ட்: ஆளுங்களும் இருப்பாங்க, சாமி.

சாமி: என்ன ஆளுங்க?

ஓஸ்வால்ட்: நம்ம வயசு ஆளுங்க...

சாமி: ஓ. அந்த மாதிரி மரமா.

ஓஸ்வால்ட்: நல்ல ஹோம்தாம்ப்பா. பார்க்கறதுல என்ன இருக்குது? பிடிக்கலைன்னா திரும்பி வந்துடலாம்.

சாமி: அந்த மாதிரி எடத்துலேர்ந்து திரும்பி வந்த ஆள் ஒருத்தன் பேர் சொல்லு. ஒரே ஒருத்தன்.

ஓஸ்வால்ட்: நேரம் ஆகுது, மொதல்ல கிளம்பு.

சாமி: பார்த்தியா? சட்டை எந்தக் கலர் போடட்டும்?

ஓஸ்வால்ட்: அந்த நீலம். அப்புறம்... இன்னொரு விஷயம். அங்க ஒரு டாக்டரம்மா உன்கிட்ட கொஞ்சம் பேசுவாங்க. அவங்ககிட்ட இந்தக் கதையைச் சொல்லாத.

சாமி: எந்தக் கதையை?

ஓஸ்வால்ட்: அக்கா வந்து பேசின கதையை. ராம்கி பயந்து போயிருக்கான். அப்பாவுக்கு என்னமோ ஆயிடுச்சு, செத்தவங்க குரல் காதுல கேக்குதுன்னு...

சாமி: நான் மூணு பேருக்கும் ஃபோன் போட்டு ஒரே கேள்விதான் கேட்டேன். ‘அம்மா பேசினது உங்களுக்குக் கேட்டுச்சா?’ மூணு பேரும் ஒரே பதில். ‘என்னப்பா சொல்றீங்க? மீட்டிங்கே நடக்கலையே!’ சின்ன வயசுல ஒருத்தன் கண்ணாடியை உடைச்சா மத்த ரெண்டும் காட்டிக் குடுக்கும். இப்போ என்ன ஒத்துமை! நானும் சாந்தாவும் வளர்த்தது வீண் போகலை.

ஓஸ்வால்ட்: கோவப்படாத. நீ எப்பவுமே கொஞ்சம் கதை விடுறவன்தானே? டெலிஃபோன் கம்பத்து மேல நிக்கறப்போ மின்னல் வந்துச்சு, கட்டிங் பிளையர்ல பிடிச்சுக் கீழே இறக்கினேன்னு சொன்னவன் நீ.

சாமி: அது மழைக்கால மின்னல். சின்னது.

ஓஸ்வால்ட்: கேட்டியா!

சாமி: அதனாலதான் சொல்றேன் ஓஸ்வால்ட். எனக்கு இப்போ ரெண்டே வழி. அவ பேசினது நிஜம்னு ஒரு ஆள், ஒரே ஒரு ஆள் சொன்னா நான் இந்த ஆஸ்டின் டவுன் வீட்டுல, அவ சமைச்ச அடுப்புப் பக்கத்துல இருப்பேன். யாரும் சொல்லலைன்னா நான் பைத்தியம். நீல சட்டை போட்டுக்கிட்டு மரம் பார்க்கப் போகணும்.

ஓஸ்வால்ட்: யாருப்பா உன்னைப் பைத்தியம்னு சொன்னது...

சாமி: நீ சொல்லலை. ‘டாக்டரம்மாகிட்ட சொல்லாத’ன்னுதான் சொன்னே. உக்காரு. ஒம்பதே முக்கால்தான் ஆகுது. முழுசாக் கேளு.

ஓஸ்வால்ட்: சொல்லு.

சாமி: எங்க வீட்டு ஞாயித்துக்கிழமை கான்ஃபரன்ஸ் ஞாபகம் இருக்குதா?

ஓஸ்வால்ட்: பெரியவன் சேகர் ஏற்பாடு பண்ணினதுதானே? அவன் கம்பெனியில குடுத்தது.

சாமி: அதேதான். அவன் அமெரிக்காவுல லேப்டாப்ல வருவான். அம்ருதா சிட்னியில சமையல்கட்டுக் கம்ப்யூட்டர்ல. ராம்கி வைட்ஃபீல்ட் ஆபீஸ்ல, பதினாறு நாற்காலி போட்ட ரூம்ல தனியா உக்காந்து, சுவரு அளவு திரையில. நானும் சாந்தாவும் இந்த மேஜையில. கம்ப்யூட்டர் இல்லாத ஆளுகூட ஃபோன்ல நம்பரைச் சுத்திட்டு உள்ளே வந்துடலாம். மூஞ்சி தெரியாது, குரல் மட்டும் வரும்.

ஓஸ்வால்ட்: ம்ம்.

சாமி: என்ன ம்ம்? அதுவும் தெரியுமா உனக்கு?

ஓஸ்வால்ட்: நீதான் எப்பவோ சொன்னே. மேல சொல்லு.

சாமி: மொத தடவை உள்ளே போறப்போ அந்த மிஷின் ஒவ்வொருத்தரையும் பேர் கேக்கும். ஒரு வெள்ளைக்காரி குரல். ‘பீப் சத்தத்துக்கு அப்புறம் உங்க பேரைச் சொல்லுங்க’ன்னு இங்கிலீஷ்ல. சேகர் ‘சேகர்’னு சொன்னான். அம்ருதா ‘அம்ருதா’ன்னா. அதைப் பிடிச்சு வெச்சுக்கிட்டு, அப்புறம் எப்போ உள்ளே வந்தாலும் எல்லாருக்கும் அதைப் போட்டுக் காட்டி, வந்துட்டாருன்னு அறிவிக்கும்.

ஓஸ்வால்ட்: அக்கா என்ன சொன்னாங்க?

சாமி: அவளுக்கு அது மிஷின்னு எங்க தெரியும்? யாரோ பொண்ணு லைன்ல இருக்குன்னு நெனச்சுட்டா. ‘நான்தாம்மா... எல்லாரும் சாப்டாச்சா?’ன்னுட்டா.

ஓஸ்வால்ட்: ஆமாம்... அப்படித்தான்...

சாமி: அப்படித்தான்னா?

ஓஸ்வால்ட்: அக்கா அப்படித்தான் பேசுவாங்கன்னு சொல்ல வந்தேன். யார் வந்தாலும் அதுதானே மொத கேள்வி.

சாமி: அதுக்கப்புறம் ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் அவ உள்ளே நுழைஞ்சா, மூணு ஊர்லயும் ‘நான்தாம்மா... எல்லாரும் சாப்டாச்சா?’. பின்னாலயே அந்த வெள்ளைக்காரி, ‘ஹேஸ் ஜாயின்ட் தி கான்ஃபரன்ஸ்’. புள்ளைங்க சிரிச்சு உருளும். மாத்தித் தரேன்மான்னு சேகர் சொன்னான். அம்ருதாதான் விடலை. இப்படியே இருக்கட்டும்னா.

ஓஸ்வால்ட்: சரி, அவங்க போனதுக்கப்புறம்?

சாமி: அப்புறம் கான்ஃபரன்ஸே நின்னு போச்சு. ஆளாளுக்குப் பதினஞ்சு நாளுக்கு ஒரு ஃபோன். இந்த வீட்டுக் கம்ப்யூட்டரையும் ராம்கி பசங்களுக்குன்னு எடுத்துட்டுப் போனான். ஆனா நான் சனிக்கிழமைதோறும் சிவாஜிநகர் பஸ் ஸ்டாண்ட் பின்னால இருக்கற பிரவுசிங் சென்டருக்குப் போவேன். அவ மெயிலைத் தொறந்து பார்ப்பேன்.

ஓஸ்வால்ட்: செத்தவங்க மெயிலையா? எதுக்குப்பா?

சாமி: குப்பையா வந்து நிறைஞ்சுடும். தெனம் வாசல் பெருக்கினவ. அது கலீஜா கிடந்தா அவளுக்குப் பிடிக்காது. போன சனிக்கிழமை அதுல ஒரு நிஜ மெயில். சேகர் அனுப்பினது. ‘நாளைக் காலை இந்திய நேரம் எட்டு மணி. அப்பா விஷயம். அப்பாவுக்குத் தெரிய வேண்டாம்.’ நம்ம குடும்பத்துக்குன்னு ஒரு பட்டியல் வெச்சிருக்கான், ஒரு தட்டு தட்டினா எல்லாருக்கும் போகும். அதுலேர்ந்து என் பேரை எடுத்துட்டான், ஜாக்கிரதையா. அம்மா பேரை எடுக்கணும்னு தோணலை. அவ எங்க வந்து படிக்கப் போறான்னு நெனச்சிருப்பான்.

ஓஸ்வால்ட்: அப்போ நீ...

சாமி: ஞாயித்துக்கிழமை ஏழரைக்கே போய் ஷட்டரைத் தட்டினேன். கடைக்கார பாய் லுங்கியோட வந்தாரு. என்ன சாப், இந்நேரத்துலன்னாரு. அமெரிக்க ஜனாதிபதி என்கிட்ட யோசனை கேக்கணுமாம், அவசரம்னு சொன்னேன். தலையில அடிச்சுக்கிட்டு நாலாம் நம்பர் கேபினைத் தொறந்து விட்டாரு. கேமராக் கண்ணுல பஸ் டிக்கெட்டை எச்சில் தொட்டு ஒட்டினேன். ஹெட்ஃபோனைக் காதுல மாட்டிக்கிட்டேன். அவ பேரைப் போட்டேன், கடவுச்சொல் போட்டேன். அது என் பேருதான். வேற என்ன வெச்சிருப்பா? பட்டனைத் தட்டினேன்.

ஓஸ்வால்ட்: தட்டினதும்...

சாமி: நான் சத்தியமா மறந்துட்டேன் ஓஸ்வால்ட். ஒளிஞ்சு நின்னு கேக்கலாம்னுதான் போனேன். திரை தொறந்துச்சு. மூணு கட்டத்துல மூணு மூஞ்சி. அந்த நிமிஷம் காதுக்குள்ள... ‘நான்தாம்மா... எல்லாரும் சாப்டாச்சா?’ இந்த எடத்துல நான் மயங்கி விழுந்தேன், பாய் சோடா தெளிச்சாருன்னு சொல்லணும். கதைக்கு எடுப்பா இருக்கும். ஆனா ஒண்ணும் நடக்கலை. ‘ஏ சாந்தா’ன்னு மட்டும் சொன்னேன். அதுவும் யாருக்கும் கேக்கலை. மைக்கை மூடி வெச்சிருந்தேன்.

ஓஸ்வால்ட்: கொஞ்சம் தண்ணி குடு, சாமி.

சாமி: அந்த சொம்புல இருக்குது. குடி. மூணு பேர் மூஞ்சியும் சாம்பல் மாதிரி ஆயிடுச்சு. சேகர் விழலை, சும்மா சொன்னேன். அவன் காதுலேர்ந்து மாட்டினதைக் கழட்டிக் கழட்டிப் பார்த்தான். அம்ருதா கரண்டியை விட்டது நிஜம். ராம்கி எழுந்து நின்னதும் நிஜம். சல்யூட் மட்டும் நான் சேர்த்தது.

ஓஸ்வால்ட்: யாரும் ஒண்ணும் பேசலையா?

சாமி: ஒரே ஒரு குரல் பதில் சொல்லுச்சு. புள்ளைங்க குரல் இல்லை. லைன் கரகரன்னு இருந்துச்சு, என்ன சொன்னாங்கன்னு புரியலை.

ஓஸ்வால்ட்: வேற யார் இருந்தாங்க அதுல?

சாமி: வரேன் வரேன், அவசரப்படாத. சேகர்தான் மொதல்ல தேறினான். ‘பழைய ஐடி, ஏதோ பக். தானா உள்ளே வந்திருக்கு. எடுத்துடறேன்’னான். எடுக்கற பட்டன் எங்க இருக்குன்னு அவனுக்குத் தெரியலை. நேரம் ஆகுது, தேடிக்கிட்டே பேசலாம்னான். பேசினானுங்க ஓஸ்வால்ட். பதினோரு நிமிஷம். அவ கட்டம் கருப்பா, அடியில ‘சாந்தகுமாரி’ன்னு பேரோட அங்கேயே இருக்குது. அவளைப் பக்கத்துல வெச்சுக்கிட்டே அவ புருஷனை எங்க கொண்டு போய் விடறதுன்னு பேசினானுங்க.

ஓஸ்வால்ட்: புள்ளைங்க கெட்டவங்க இல்லை, சாமி.

சாமி: நான் சொன்னேனா? சேகர் அழகா ஒரு படம் போட்டு வெச்சிருந்தான். அப்பா, வயசு எழுபத்திமூணு. நான் கேஸை மூடாம விட்டது எத்தனை தடவை, பாத்ரூம்ல விழுந்தது எத்தனை தடவை, எல்லாம் வரிசையா. பழைய டெலிஃபோன் கம்பத்துக்குப் போடற ரிப்போர்ட்டு மாதிரி. சாஞ்சிருக்குது, மாத்தணும்னு. ராம்கி, ‘அப்பா என்னோட வரமாட்டார், எங்க வீட்டுலயும் எடம் கஷ்டம்’னான். அம்ருதா அழுதா. அழுதுக்கிட்டே சரின்னா.

ஓஸ்வால்ட்: அப்புறம்?

சாமி: அப்புறம் சேகர் பட்டனைக் கண்டுபிடிச்சான். ‘இந்த அக்கவுண்டையே டெலீட் பண்ணிடறேன், இனிமே தொந்தரவு இல்லை’ன்னான். கருப்புக் கட்டம் போயிடுச்சு. என் திரையும் அணைஞ்சுது. திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தேன். அப்படி ஒரு ஆளே இல்லைன்னு சொல்லுது. குரலும் போச்சு ஓஸ்வால்ட். வேற எங்கேயும் அவ குரல் இல்லை. எந்தக் கல்யாண வீடியோவுலயும் அவ பேசலை, பரிமாறிக்கிட்டுத்தான் இருக்கா. அந்த மூணு வார்த்தைதான் மிச்சம் இருந்துச்சு.

ஓஸ்வால்ட்: ஐயோ... அது எனக்கு...

சாமி: என்ன?

ஓஸ்வால்ட்: அதோட குரலும் அழிஞ்சுடும்னு எனக்குத் தெரியாது.

சாமி: உனக்கு எப்படித் தெரியும்? நீதான் அந்த நேரத்துல சர்ச்ல எட்டு மணிப் பூசையில இருந்திருப்பியே.

ஓஸ்வால்ட்: ஆமாம்... பூசை.

சாமி: நாப்பது வருஷமா எட்டு மணிப் பூசை தவறினதில்லை நீ. புதன்கிழமை உங்க கோயில் சந்தானம் என்னைக் கேட்டாரு, ‘ஓஸ்வால்டுக்கு ஒடம்பு சரியில்லையா, ஞாயித்துக்கிழமை காணோமே’ன்னு. நான் என்ன சொல்ல?

ஓஸ்வால்ட்: முட்டி வலி. வீட்டுலயே ஜெபம் பண்ணிட்டேன்.

சாமி: நல்லது. கட்டம் எத்தனைன்னு நான் உனக்குச் சொல்லவே இல்லையே. மூணு மூஞ்சி. ஒண்ணு கருப்பு, அது சாந்தா. இன்னொண்ணு இருந்துச்சு. மூஞ்சி இல்லை, பேர் இல்லை. ஃபோன்ல வந்த ஆளு. கட்டத்துல நம்பர் மட்டும்.

ஓஸ்வால்ட்: நம்பரா? நம்பர் தெரியுமா அதுல?

சாமி: தெரியாதுன்னு நெனச்சுத்தான் அந்த ஆளும் வந்திருப்பாரு. சேகர் கடைசியில அவர்கிட்டதான் கேட்டான். ‘அங்கிள், நீங்க சொன்னா அப்பா கேப்பார்’னு. அங்கிள்! இந்த ஊர்ல அங்கிள் ஆயிரம் பேர். அந்த அங்கிள் சொன்னாரு, ‘நான் பார்த்துக்கறேன். அடுத்த ஞாயித்துக்கிழமை நானே கூட்டிட்டு வரேன்’னு. அது மட்டும் தெளிவாக் கேட்டுச்சு.

ஓஸ்வால்ட்: சாமி...

சாமி: முப்பத்தஞ்சு வருஷம் இந்த ஏரியாவுல லைன் இழுத்தவன் நான். பேர் மறந்துடும், மூஞ்சி மறந்துடும், நம்பர் மறக்காது. கடைசி நாலு எண் மூணு ஒண்ணு ஏழு ரெண்டு. எண்பத்துமூணுல நானே கம்பம் ஏறி, மழையில நனைஞ்சுக்கிட்டுக் குடுத்த கனெக்‌ஷன். பெரியவளுக்கு மாப்பிள்ளை வீட்டுக்காரங்க ஃபோன் பண்ணுவாங்க, சீக்கிரம் போட்டுக் குடு சாமின்னு கையைப் பிடிச்சுக் கேட்டாரு அந்த அங்கிள்.

ஓஸ்வால்ட்: எப்போலேர்ந்து தெரியும் உனக்கு?

சாமி: எட்டு மணி ரெண்டு நிமிஷத்துலேர்ந்து.

ஓஸ்வால்ட்: ஏழு நாளா தெனம் வந்தேனே. காபி குடுத்தியே...

சாமி: சக்கரை கம்மியாப் போட்டேன். நீ கவனிக்கலை.

ஓஸ்வால்ட்: நான் கெட்ட எண்ணத்துல பண்ணலைப்பா. போன மாசம் நீ பாத்ரூம்ல விழுந்தப்போ யார் தூக்கினது? எனக்கே எழுபத்திரெண்டு. தூக்க முடியாம வாசல்ல போற ஆட்டோக்காரனைக் கூப்பிட்டேன். அடுத்த மாசம் என் பொண்ணு என்னை ஹோசூருக்குக் கூட்டிட்டுப் போறா. வீட்டைக் காலி பண்றேன். இதை உன்கிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியாம...

சாமி: ஓ. நீயும் மரம் பார்க்கப் போறியா.

ஓஸ்வால்ட்: நான் போயிட்டா உன்னை யார் தூக்குவாங்க? அதை நெனச்சுத்தான் சரின்னேன்.

சாமி: சரி. அதுக்காக நான் சண்டை போடலை. விழறவனை யாராவது தூக்கித்தான் ஆகணும். நான் கேக்கறது வேற ஒண்ணு. அவ பேசினாளா, இல்லையா?

ஓஸ்வால்ட்: சாமி, நான் ஆமாம்னு சொன்னா... மூணு பேரும் நடக்கலைன்னு சொல்லியிருக்காங்க. என்னையும் அப்படியே சொல்லச் சொன்னாங்க. ராம்கி முகத்துல நான் எப்படி முழிப்பேன்? நான் தோள்ல தூக்கி வளர்த்த புள்ளை...

சாமி: அவன் முகத்துல முழிக்கணும்னா என்னைப் பைத்தியமாக்கணும். அவ்வளவுதானே? பேடா, வேண்டாம் விடு. அந்த ஹாரன் சத்தம் அவன் கார்தான். மணி பத்தேகாலு. சீக்கிரமே வந்துட்டான், புள்ளைக்கு என்ன அக்கறை!

ராம்கி: அப்பா, ரெடியா? குட் மார்னிங் அங்கிள். பேசிட்டீங்களா?

சாமி: பேசிட்டாருப்பா. எடுத்துச் சொன்னாரு. இதோ நீல சட்டை போட்டாச்சு. கிளம்பலாம்.

ராம்கி: நிஜமாவா? அப்பா, உங்களுக்கு அந்த எடம் ரொம்பப் பிடிக்கும், பாருங்களேன். அங்கிள், தேங்க்ஸ்.

சாமி: அடுப்பை மூடினேனான்னு ஒருத்தர் பார்த்துடுங்க. அப்புறம் அதையும் படத்துல போடுவானுங்க.

ராம்கி: என்ன படம்பா?

சாமி: ஒண்ணுமில்லை. மீட்டிங்கே நடக்கலையே.

ராம்கி: அப்பா, மறுபடியும் ஆரம்பிக்காதீங்க. அங்கிள், இன்னும் அம்மா வந்து பேசினாங்கன்னுதான் சொல்றாரா? டாக்டர்கிட்ட நீங்க ஒரு வார்த்தை சொல்லிடுங்க. நான் சொன்னா அப்பா கோவிச்சுப்பாரு.

சாமி: சொல்லு ஓஸ்வால்ட். வீட்டுப் பூட்டு ஆணியில தொங்குது ராம்கி, எடுத்துக்கோ.

ராம்கி: அங்கிள்? ஏன் உக்காந்துட்டீங்க?

ஓஸ்வால்ட்: பூட்டை அங்கேயே மாட்டு, ராம்கி.

ராம்கி: என்ன அங்கிள்?

ஓஸ்வால்ட்: அக்கா பேசினாங்க. உனக்கும் கேட்டுச்சு, சேகருக்கும் அம்ருதாவுக்கும் கேட்டுச்சு, எனக்கும் கேட்டுச்சு. ‘எல்லாரும் சாப்டாச்சா’ன்னாங்க. ‘ஆச்சுக்கா’ன்னு பதில் சொன்னது நான்தான். பூசைக்குப் போகாம, வெறும் வயித்தோட ஃபோனைப் பிடிச்சுக்கிட்டு, அவங்ககிட்டயும் பொய்தான் சொன்னேன்.